எல்லாப் பழியும் பேட்டரிக்கா?

காலையில் சாவியைத் திருகினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம்; செல்ஃப் எடுக்கவில்லை. தள்ளிவிட வந்தவர், டீக்கடையில் நிற்பவர், பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லாரும் ஒரே குரலில் தீர்ப்புச் சொல்கிறார்கள்: “பேட்டரி போச்சு சார், மாத்திடுங்க.” சாயங்காலத்துக்குள் சில ஆயிரம் ரூபாய் கைமாறி, புதுப் பேட்டரி உட்கார்ந்துவிடுகிறது. ஆறு மாதம் கழித்து அதே ‘டக்’. அப்போதும் திட்டு வாங்குவது பேட்டரிதான், அதன் கம்பெனிதான்.

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் ஊறிப்போன இந்த நம்பிக்கையைப் போல் பணத்தை வீணாக்குவது வேறொன்றில்லை. பேட்டரி சாகாது என்று நான் சொல்லவில்லை. நம் ஊர் வெயிலில் மூன்று நான்கு வருடம் உழைத்துவிட்டு அது சாகத்தான் செய்யும். ஆனால் எதனால் செத்தது என்று பார்க்காமல் மாற்றுவது வைத்தியம் ஆகாது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அம்பாசடரும் மாருதி 800-உம் உற்பத்தி நின்றது 2014-இல். இன்று ஓடுபவற்றில் கடைக்குட்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. அதற்குள் பேட்டரி இரண்டு மூன்று முறையாவது மாறியிருக்கும். எர்த் வயர் மாறியிருக்குமா? பெரும்பாலான வண்டிகளில் அது தொழிற்சாலையில் முறுக்கிய அதே போல்ட்டில், துருவுக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் நடுவே கிடக்கிறது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று வேறு. வண்டியின் மின்பாதையிலேயே வயதில் சின்னது பேட்டரி. அதைத்தான் முதலில் சந்தேகப்படுகிறோம்.

எர்த் என்பது சும்மா ஒரு கறுப்பு வயர் இல்லை. இன்ஜின் ரப்பர் மவுண்டுகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் போகாது. ஆகவே செல்ஃப் மோட்டாருக்குள் போன மின்சாரம் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்ப எர்த் வயரும் ஸ்ட்ராப்பும்தான் வழி. அந்த வழி அடைபட்டால் மின்சாரம் ஆக்ஸிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடிக்கும்போது கேபிள் சூடாகிப் புகைகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அடைப்பு பெரிதாக இருக்கவேண்டும் என்பதில்லை. செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எர்த் போல்ட்டின் துருவில் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கேயே போய்விடும். 12 வோல்ட்டில் ஒன்றரை போனால் செல்ஃப் முக்கும். ஆனால் அதே வயரை மீட்டரில் ‘பீப்’ வைத்துப் பார்த்தால் நல்லது என்றே காட்டும். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். 150 ஆம்பியரை அந்த ஒற்றை இழை தாங்குமா?

“புதுப் பேட்டரி போட்டதும் சரியாயிடுச்சே!” என்பார்கள். உண்மைதான், சரியாகும். புதுப் பேட்டரிக்குத் தெம்பு அதிகம். தடையை மீறித் தள்ளிவிடும். கோளாறு அங்கேயே இருக்கும். சார்ஜ் ஏற்றும் பக்கம் கோளாறு என்றாலும் இதே கதைதான்: சார்ஜ் குறைவாக ஏறினால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து புதுசும் சாகும். ரெகுலேட்டர் கெட்டு 15 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் தண்ணீர் கொதித்து வற்றிச் சாகும். வீட்டில் தண்ணீர் வரவில்லையென்றால் மோட்டாரையும் குழாயையும் பார்ப்போமே தவிர, மாடியிலிருக்கும் டேங்கையா மாற்றுவோம்?

இதைவிட மோசம், இன்ஜின் ஓடும்போதே டெர்மினலைக் கழற்றிப் பார்ப்பது. “வண்டி நிக்கலையே, டைனமோ நல்லாத்தான் இருக்கு” என்று சான்றிதழ் கொடுத்துவிடுகிறார்கள். இக்னிஷனுக்குச் சில ஆம்பியர் போதும்; அவர்கள் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டர், டையோடு ஒன்று போயிருந்தாலும் அதைக் கொடுத்துவிடும். ஆகவே இந்தச் சோதனை எதையும் நிரூபிப்பதில்லை. ஆனால் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கையில் பேட்டரியைச் சட்டென்று பிரித்தால் வோல்டேஜ் பல மடங்கு எகிறும். நல்ல ரெகுலேட்டரும் டையோடும், எம்பிஎஃப்ஐ வண்டியென்றால் இசியூவும்கூட, அந்த நொடியில் போகலாம்.

செய்யவேண்டியது எளிது. சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டவேண்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. ஹெட்லைட், வைப்பர், புளோயர் எல்லாம் போட்டு லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்தாலும் 13-க்குக் கீழே இறங்கக்கூடாது. இறங்கினால் பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் அதன் வயரையும் பாருங்கள். சாவி போட்டதும் சார்ஜ் விளக்கு எரிகிறதா என்றும் கவனியுங்கள். பல பழைய வண்டிகளில் அந்தச் சின்ன பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்கிறது.

எர்த் சோதனை இப்படி: காயிலுக்குப் போகும் சின்ன வயரைக் கழற்றி வைத்து, நியூட்ரலில் போட்டு, மீட்டரின் ஒரு முனையை இன்ஜினின் சுத்தமான உலோகத்திலும் மறுமுனையை பேட்டரியின் மைனஸ் ஈயக் குமிழிலும் வையுங்கள். கிளாம்ப்பில் வேண்டாம், குமிழுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவிலேயே பச்சை பூத்திருக்கக்கூடும். ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட் காட்டினால் சரி. அரை வோல்ட்டைத் தாண்டினால் திருடன் அகப்பட்டுவிட்டான். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடத் தேய்த்து, வாசலின் தடவி இறுக்குங்கள். ஸ்ட்ராப் இற்றுப்போயிருந்தால் புதிதாகப் போடுங்கள். பேட்டரி விலையில் அது ஒரு சின்னப் பங்குதான்.

வண்டியும் முன்கூட்டியே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்குகளும் சேர்ந்து மினுக்குகின்றனவா? ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் நகர்கிறதா? இவை எர்த்தின் முறையீடுகள். இதைப் புரிந்துகொள்ளாமல் தெர்மோஸ்டாட்டையும் ரேடியேட்டரையும் மாற்றியவர்கள் உண்டு.

மெக்கானிக்கின் அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் முதலில் மீட்டரைத்தான் எடுப்பார். எடுக்காதவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எத்தனை வோல்ட் காட்டுது அண்ணே?” அதற்கு எண்ணில் பதில் வரும்வரை பணத்தை எடுக்காதீர்கள்.