புதுப்பொருளும் பழைய பொறுப்பும்

விமானக் கட்டுமானத்தில் புதியதொரு பொருள் புகுந்துவிட்டால் அதனையே முன்னேற்றம் எனக் கொண்டாடும் மனப்பாங்கு இன்று வேரூன்றியுள்ளது. மரமும் துணியும் போய் அலுமினியம் வந்தது. அலுமினியத்தின் இடத்தைக் காபன் நார்க் கூட்டுப்பொருள் பிடித்து வருகின்றது. ஆகவே வானப்பயணம் தானாகவே பாதுகாப்பாகிவிட்டது என்பது இத்தகையோர் கணக்கு. இக்கணக்குப் பிழையானது, பிழையானது மட்டுமன்று, ஆபத்தானதுமாகும்.

புதுப்பொருளின் சிறப்பை எவரும் மறுக்க வேண்டியதில்லை. 2011 இல் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 787 விமானத்தின் கட்டமைப்பு நிறையில் ஏறத்தாழ 50 சதவீதம் கூட்டுப்பொருள். அலுமினியம் 20 சதவீதமே. நிறை குறைய எரிபொருட் செலவும் குறைகின்றது. காபன் நார் அலுமினியத்தைப் போல அரிப்புக்கு ஆளாவதில்லை. மீண்டும் மீண்டும் வரும் சுமையையும் நன்கு தாங்குகின்றது. இதனால், வழமையாக 8,000 அடி உயரத்துக்குரிய அமுக்கத்தில் வைக்கப்பட்ட பயணிகள் அறையை 6,000 அடிக்குரிய அமுக்கத்தில் வைக்க முடிந்தது. இவை மெய்யான ஆதாயங்கள். ஆயினும் ஆதாயம் வேறு, உத்தரவாதம் வேறு.

கொமெற் விமானங்களின் கதையை நோக்குக. 1954 ஜனவரி 10 ஆம் திகதியும் ஏப்ரல் 8 ஆம் திகதியும் இரண்டு கொமெற் விமானங்கள் மத்தியதரைக் கடலின்மேல் சிதறின. 56 உயிர்கள் மாண்டன. அவற்றின் உடற்பகுதி அறியாத பொருளாலானதன்று. பழகிய அலுமினியக் கலப்புலோகமே. அறியப்படாதிருந்தது, ஒவ்வொரு பறப்பிலும் ஏறி இறங்கும் அமுக்கம் வெட்டுவாய்களின் அருகே எவ்வளவு தகைப்பைச் செறியச் செய்யும் என்பதே. பாண்பரோவில் ஒரு விமானத்தை நீர்த்தொட்டியுள் அமிழ்த்தி அமுக்கத்தை ஏற்றி இறக்கியபோது, மெய்யான பறப்புகளும் சோதனைச் சுற்றுகளும் சேர்ந்து 3,057 ஆனதும் உடல் பிளந்தது. உண்மையைச் சொன்னது அத்தொட்டி. அது காலந்தாழ்த்திச் சொன்னதே துயரம்.

றோல்ஸ் றோய்ஸ் நிறுவனத்தின் ஆர்.பி. 211 எந்திரம் மற்றொரு பாடம். அதன் விசிறி அலகுகளைக் காபன் நாரால் ஆக்க முயன்றனர். 1970 இல் நடந்த பறவை மோதற் சோதனையில் அவை நொறுங்கின; நிறை கூடிய தைத்தேனியத்துக்குத் திரும்ப நேர்ந்தது. 1971 பெப்ரவரி 4 ஆம் திகதி நிறுவனமே முறிந்தது. அம்முறிவுக்கு அலகுகள் மாத்திரமே காரணமல்ல. எனினும் சோதனைக்கு முந்திய வாக்குறுதி எவ்வளவு விலையுயர்ந்தது என்பதை அது காட்டிற்று. 1995 இல் சேவைக்கு வந்த ஜீ.ஈ. 90 எந்திரத்திலே கூட்டுப்பொருள் அலகுகள் வெற்றி கண்டன. ஆனால் அவற்றின் முன்விளிம்பைத் தைத்தேனியம் காத்தது. பழையதை முற்றாகத் துறந்து புதியது வெல்லவில்லை; அதனைத் துணைக்கழைத்தே வென்றது.

மறுகரையில் நின்று புதுப்பொருளையே பழிப்போரும் உளர். 2001 நவம்பர் 12 ஆம் திகதி நியூயோர்க்கில் எயர்பஸ் ஏ 300 விமானமொன்றின் கூட்டுப்பொருள் வாற்செட்டை கழன்று 265 பேர் மாண்டபோது, குற்றம் பொருளின்மீதே சுமத்தப்பட்டது. விசாரணையின் முடிவு வேறு. சுக்கானை மிகையாக இருபுறமும் மாறிமாறித் திருப்பியதால் எழுந்த விசை, செட்டை வடிவமைக்கப்பட்ட இறுதிச் சுமையையே தாண்டியிருந்தது. சுக்கான் பொறிமுறையின் இயல்பும் விமானிகளுக்கு அளிக்கப்பட்ட பயிற்சியும் துணைக்காரணங்களாயின. பொருளைத் தொழுவதும் பொருளைத் தூற்றுவதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள். இரண்டுமே மனிதரின் பொறுப்பை மறைக்கின்றன.

அப்பொறுப்பு இன்று கூடியிருக்கின்றதேயன்றிக் குறையவில்லை. அலுமினியத் தகட்டில் அடிபட்டால் பள்ளம் விழும், கண் காணும். கூட்டுப்பொருளிலோ மேற்பரப்பு ஏறத்தாழப் பழுதின்றித் தோன்ற, உள்ளே படைகள் பிரிந்திருக்கலாம். அதனைக் காண மீயொலிக் கருவியும், அதன் சைகையை வாசிக்கப் பயின்ற தொழில்நுட்பவியலாளரும், வண்டி மோதியதை மறைக்காது அறிவிக்கும் நிலத் தொழிலாளியும் வேண்டும். அவ்வாறு அறிவித்தவனைத் தண்டிக்கும் நிர்வாகத்திடம் எத்துணை வலிய நாரும் பயன்படாது.

ஆதலின், புதுப்பொருளுக்குச் சூட்டும் மாலையில் பாதியையேனும் சோதனைக் கூடத்துக்கும் பரிசோதகனுக்கும் சூட்டுதல் வேண்டும். நிறையைக் குறைக்கலாம், பொறுப்பைக் குறைத்தல் ஆகாது.