டிரைப் எடுத்த படமும் நாம் படிக்காத பாடமும்

ஒளிப்படம் என்றவுடன் நம் மாணவர்களுக்கு நினைவில் எழுவன மணவிழாப் படத்தொகுப்பும் அடையாள அட்டையுமே. கைபேசி வந்தபின் தன் முகத்தைத் தானே எடுத்துக்கொள்வதே ஒளிப்படம் என்றும் ஆகிவிட்டது. ஒரு கவிஞனைத் தேடிக் கற்பதுபோல் ஓர் ஒளிப்படக் கலைஞனையும் தேடிக் கற்கலாம் என்னும் எண்ணம் தமிழ்த்துறைகளில் இன்னும் வேர்கொள்ளவில்லை. வேர்கொள்ள வேண்டும் என்பது என் துணிபு. அதற்குச் சான்றாக, நம் மண்ணில் பயணம் செய்து படமெடுத்த ஒருவரை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்கிறேன்.

லினேயஸ் டிரைப் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் 1822இல் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. 1855இல் பர்மிய அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவுடன் போய்ப் படமெடுத்தார். அதன் பயனாகச் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பெற்றார். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டுத் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் எனச் சுற்றி, 1858 கோடையில் சென்னை சேர்ந்தார். இன்று நாம் காணும் திருமலை நாயக்கர் மகால் பின்னாளில் செப்பனிடப்பட்டது. அதற்கு முன் அது சிதைந்து கிடந்த கோலத்தை டிரைப்பின் படங்களில் காணலாம்.

அவர் கையாண்ட முறை இன்றைய மாணவர்க்கு வியப்பளிக்கும். மெழுகூட்டிய தாளில் வேதிப்பொருள்களை ஏற்றி, அதனைப் படப்பெட்டிக்குள் வைத்து, ஒளி படிவதற்காகக் காத்திருக்க வேண்டும். அசையாது நின்ற கல் பதியும். நடந்து சென்ற மனிதன் பதியான். ஆதலால் அவர் எடுத்த கோயில் மண்டபங்களும் கோட்டைகளும் பெரும்பாலும் ஆளரவமற்றுத் தோன்றுகின்றன. வானம் வெறுமையாய் விழுந்துவிடும் என்பதால், மறிநிலைத் தாளில் வண்ணம் தீட்டி முகில்களைத் தாமே அமைத்ததும் உண்டு. இதனை ஏமாற்று என்பாரும் இருக்கலாம். நான் அவ்வாறு கருதவில்லை. கண்டதைக் கண்டபடி சொல்லுதல் மட்டுமே கலையாயின் நம் இலக்கணத்தில் அணியியலுக்கு இடமேது?

எனினும் தமிழாசிரியன் என்ற முறையில் என்னைப் பெரிதும் ஈர்த்தது தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்த வேறொரு பணி. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி வரிவரியாய் ஓடும் கல்வெட்டுகளை அவர் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படச்சுருளாக்கினார். ஒவ்வொரு முறையும் பெட்டியை நகர்த்தி, உயரமும் தொலைவும் மாறாமல் நிறுத்தினாலன்றி ஒரு படத்தின் வரி அடுத்த படத்தின் வரியோடு சேராது. டிரைப்புக்கு அத்தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லை. ஆயினும், படிக்கத் தெரிந்தவன் ஒருவன் பின்னால் வருவான் என்ற நம்பிக்கையோடு அவர் உழைத்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. அக்கோயிலை எடுப்பித்தவன் யார் என்பது கற்றோரிடையிலும் தெளிவாகாதிருந்த காலம் அது. ஹுல்ஷ் அக்கல்வெட்டுகளை ஆராய்ந்து 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியில் வெளியிடத் தொடங்கியது 1891இல்தான்.

அவருடைய நோக்கத்தைப் பற்றிக் கேள்வி எழுப்புவோர் உண்டு. வடபுலத்தில் பெருங்கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த நாள்களில், ஆளவந்தவரின் ஊதியம் பெற்று, ஆளப்படும் நாட்டைக் கணக்கெடுத்த கண் அது என்பர். மறுப்பதற்கில்லை. மக்கள் இல்லாத மண்ணாக நம் ஊர்களை அப்படங்கள் காட்டுவது எனக்கும் உறுத்தலே. ஆனால் ஏவியவனின் நோக்கத்தோடு ஒரு படம் முடிந்துவிடுவதில்லை. ஏவிய அரசே அவரைக் கைவிட்டது என்பதையும் மறத்தலாகாது. 1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன், அரசின் நிதிநிலைக்கு இஃது ஏற்காத ஆடம்பரம் எனக் கருதி அப்பணியை நிறுத்தினார்; மறு ஆண்டில் எல்லாம் முடிந்தது. அதன்பின் டிரைப் படமெடுத்தது மிக அரிது. 1902இல் மறைந்தார். அவர் படங்களுக்கெனத் தனிப் பெருங்கண்காட்சி வாஷிங்டனில் 2014இலும், அடுத்து நியூயார்க்கிலும் லண்டனிலும் நடைபெற்றது.

நம் மாணவர்கள் கல்வெட்டியலைத் தேர்வுக்குப் படிக்கின்றனர். கல்வெட்டைக் கண்ணால் கண்டவர் வகுப்பில் எத்தனை பேர்? தஞ்சைக்குச் செல்ல இயலாதவரும் தம் ஊர்ப் பள்ளிவாசலுக்கு நாள்தோறும் செல்கின்றனரே! கடற்கரை ஊர்களின் பழம்பள்ளிகளில் தமிழும் அரபும் பொறித்த கற்கள் உள்ளன. அடக்கத்தலங்களில் மீசான் கற்கள் உள்ளன. பள்ளியைப் புதுப்பிக்கும் ஆர்வத்தில் சுண்ணாம்பும் வண்ணமும் அவற்றின்மேல் ஏறுகின்றன. சில கற்கள் இடம் பெயர்ந்து படிக்கட்டாகவும் ஆகிவிடுகின்றன. எவரையும் குறை சொல்வதற்காக இதனை எழுதவில்லை. எழுத்து மறையுமுன் அதனைப் படமெடுத்து வைப்பதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒவ்வொரு மாணவன் கையிலும் டிரைப் கனவிலும் காணாத கருவி இருக்கிறது.

காலை வெயில் சாய்வாக விழும் வேளையில் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் கொண்டு எழும். கல்லுக்கு நேர்எதிரே நின்று, அருகில் ஓர் அளவுகோலை வைத்து, ஊர்ப்பெயரும் நாளும் குறித்துக்கொள்ள வேண்டும். ஜமாஅத் பெரியவர்களின் இசைவை முதலில் பெறுதல் முறை. அவ்வாறு எடுத்த படங்களைத் திரட்டி வைக்க நம் துறை நூலகத்தில் ஒரு பேழையை ஒதுக்கலாம், இக்கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.