கை இருக்கும் இடத்தில் கியர்

எக்கியார்குப்பம் அருகே கிழக்குக் கடற்கரைச் சாலையில் நான் சைக்கிள் ஓட்டுகிறேன். எதிர்காற்று வீசினால் கியரைக் குறைத்தாக வேண்டும். பழைய ரேஸ் சைக்கிள்களில் கியர் லீவர் ஃபிரேமின் கீழ்க்குழாயில் இருக்கும். அதற்காகக் கையை எடுக்கும் நேரத்தில் பஸ் முந்தினால் ஆபத்துதான்.

1990-ல் ஷிமானோ நிறுவனம் பிரேக் லீவரிலேயே கியர் மாற்றும் வசதியைத் தந்தது. இழுத்தால் பிரேக், உள்பக்கம் தள்ளினால் கியர். மவுஸைத் தேடாமல் கண்ட்ரோல் + சி அழுத்திக் காப்பி செய்கிறோமே, அது போலத்தான்.

இன்று பேட்டரியில் இயங்கும் எலக்ட்ரானிக் கியரும் கிடைக்கிறது. என்னைக் கேட்டால், முதல் சைக்கிளுக்குக் கேபிள் வகையே போதும். உப்புக்காற்றில் கேபிள் துருப்பிடிக்கும். ஆனால் குறைந்த செலவில் மாற்றிவிடலாம். வாங்கும்போது எத்தனை கியர் என்று மட்டும் கேட்காதீர்கள். லீவர் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள்.