காரோட வராத கடதாசிகள்

ஜப்பானில் இருந்து வந்த காரை ஸ்ராட் பண்ணினவுடன் ஒரு பெண்குரல் ஏதோ சொல்லும், கேட்டிருப்பீர்கள். வணக்கம் சொல்லுறா எண்டு எங்கட ஊரில் ஒரு விளக்கம் இருக்கு. சீற் பெல்ற் போடச் சொல்லுறா எண்டு இன்னொரு விளக்கம். அனேகமாக அவா சொல்வது, சுங்க அட்டை செருகப்படவில்லை என்பதைத்தான். ஜப்பானின் விரைவுப் பாதைகளில் நிற்காமலே கட்டணம் செலுத்துவதற்காகக் காருக்குள் பூட்டியிருக்கும் ஈ.ரீ.சி. என்ற கருவியின் குரல் அது. ஆனையிறவு தாண்டி வந்து மூன்று வருசமான பிறகும் ஒவ்வொரு விடியவும் அந்த அட்டையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறா.

சனம் இதைப் பகிடியாகக் கதைக்கும். எனக்கு இதில் பகிடி தெரியேல்ல. காணி வித்த காசையும், கனடாவில் இருந்து வந்த காசையும், லீசிங்கையும் சேர்த்துப் போட்டு வாங்கின ஒரு பொருள் தன்னைப் பற்றி என்ன சொல்லுது எண்டு தெரியாமலே அதை ஓட்டுறம். பழுதானால் கராஜ்காரனைப் பேசுறம். 'ஜப்பான் சாமான் பழுதாகாது, எங்கட ஆக்களுக்குத்தான் திருத்தத் தெரியாது' எண்ட அந்தப் பேச்சுக்கு எதிராகத்தான் இதை எழுதுறன். வாங்கின கையோட கரைச்சல் குடுக்கிற கார்களில் கனக்க, அவற்றைப் பற்றி எழுதியிருந்த எல்லாவற்றையும் யாரோ ஒளித்துவிட்டு வித்த கார்கள்.

ஜப்பானில் ஒரு கார் கடதாசியோடதான் சீவிக்கும். 'ஷாகென்' என்ற கட்டாயப் பரிசோதனை புதுக் காருக்கு 3ஆம் வருசம், பிறகு 2 வருசத்துக்கு ஒருக்கா. கார் பழசாக ஆக அந்தச் செலவு பாரமாகும், வித்துவிடுகிறார்கள். ஏலத்துக்குப் போகும்போது ஒரு பரிசோதகர் காரைச் சுற்றிப் பார்த்து ஒரு தாள் எழுதுவார். காரின் படத்தில் எங்கே என்ன பிழை எண்டு குறிப்பார். 'ஏ' என்றால் கீறல். 'யூ' என்றால் நெளிவு. 'டபிள்யூ' என்றால் திருத்தின இடம். 'எக்ஸ்எக்ஸ்' என்றால் மாற்றின பாகம். எழுத்துக்குப் பக்கத்தில் வருகிற இலக்கம் பிழையின் அளவு. இதுக்கெல்லாம் மேல் மொத்தப் புள்ளி ஒன்று இருக்கும். 4.5 எண்டால் நல்ல கார், 'ஆர்' எண்டு போட்டிருந்தால் அடிபட்டுத் திருத்தின கார். ஓடின தூரமும் அதிலேயே இருக்கு. ஒரு பின்னேரத்தில் படித்து முடிக்கக்கூடிய மொழி இது. தொல்காப்பியத்தை விட லேசு.

அந்தத் தாள் கப்பல் ஏறும்வரைக்கும் இருக்கு. கார் துறைமுகத்தில் இறங்கி, கொழும்பில் ஒரு விற்பனை யார்ட்டில் நின்று, இரண்டாம் மூன்றாம் கைக்கு மாறி, ஏ-9 வழியாக எங்களிடம் வந்து சேரும்போது தாளைக் காணேல்ல. கேட்டால், 'அதெல்லாம் கொம்பனிக்காரரிட்ட இருக்கும் தம்பி.' இணையத்தில் தேடுவம் எண்டால் வெளிநாட்டுத் தளங்கள் 17 எழுத்தில் ஒரு இலக்கம் கேக்கும். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்த காருக்கு அப்படி ஒரு இலக்கமே கிடையாது. அதற்கு இருப்பது செசி நம்பர். முதல் தலைமுறை அக்வா எண்டால் என்.எச்.பி.10 எண்டு தொடங்கும். இதைக்கூட வாங்கினவனுக்கு ஒருத்தரும் சொல்லுறேல்ல. றேடியோவில் 90க்கு மேல் ஒண்டும் இழுக்கேல்ல எண்டு றேடியோவைப் பழுதெண்டு கழட்டினவர்களை எனக்குத் தெரியும். ஜப்பானில் எப்.எம். 76இல் தொடங்கும், பழைய செற்றுகள் 90ஓடு நிண்டுவிடும். எங்கட வானொலிகள் 88இல் இருந்து 108 வரைக்கும். றேடியோவில் ஒரு குறையும் இல்லை.

இதுக்கு மேலதான் மொடிபிகேசன்.

என்ர சித்தியின்ர மகன் ஒரு அக்வா வாங்கினார். கொழும்பில் ஓடின கார். 17 இஞ்சி றிம், இறக்கின ஸ்பிரிங், பின்னுக்கு அம்பிளிபயர், ரிமோட் அலாம், வெள்ளை வெளேரெண்ட லைற். வடிவான கார், ஒத்துக்கொள்ளுறன். இரண்டாவது கிழமை ஒரு விடிய, டாஷ்போட்டில் இருக்கிற லைற் எல்லாம் நல்லூர்த் திருவிழாச் சோடனை மாதிரி எரிஞ்சுது. 'ரெடி' லைற் மட்டும் வரேல்ல. முதலில் காட்டின இடத்தில், பொனற்றைக்கூடத் திறக்காமல், 'ஹைபிரிட் பற்றரி முடிஞ்சுது' எண்டு சொல்லி இலட்சக்கணக்கில் ஒரு தொகையும் சொல்லிச்சினம்.

இரண்டாவதாகக் காட்டினது கோண்டாவில் பக்கம் ஒரு சின்னக் கராஜில். அந்த பாஸ் கேட்ட முதல் கேள்வி, 'தம்பி, இதில ஆர் என்ன பூட்டினது?' ஒருத்தருக்கும் தெரியாது. அவர் ஸ்கானரை எடுக்கேல்ல. மீற்றரை எடுத்து 12 வோல்ற் பற்றரியைப் பார்த்தார். அக்வாவில் பற்றரி இரண்டு. ஒன்று 144 வோல்ற் பெரியது, மற்றது சாதாரண 12 வோல்ற். காரின் கணினிகளை எழுப்புவதும், பெரிய பற்றரியை இணைக்கிற சுவிச்சை இழுப்பதும் அந்தச் சின்னதுதான். அது பலவீனப்பட்டால் பெரியது நல்ல சுகத்தோட இருந்தாலும் கார் எழும்பாது, கணினிகள் ஆளுக்கொரு பிழை சொல்லும். அம்பிளிபயருக்கும் அலாமுக்கும் இழுத்த வயர் பியூஸ் இல்லாமல் நேர பற்றரியில் பூட்டியிருந்தது. கார் நிற்கையிலும் அது கறண்ட் குடிச்சுக்கொண்டே இருந்திருக்கு. அவர் அதைக் கழட்டி, பற்றரியை சார்ஜ் பண்ணிப் பூட்டினார். 'ரெடி' வந்தது.

பிறகு பின்சீற்றுக்குப் போட்டிருந்த புது ரெக்ஸின் கவரைத் தூக்கிக் காட்டினார். பெரிய பற்றரிக்குக் காற்று இழுக்கிற துளை அதுக்குக் கீழே மூடுப்பட்டுக் கிடந்தது, உள்ளுக்குச் செம்மண் தூசி. அது அடைபட்டால் பெரிய பற்றரி சூடேறிச் சூடேறி உண்மையிலேயே செத்துப்போகும். பி0ஏ80 எண்டு எல்லாரும் பயப்படுகிற அந்தக் கோட் பிறகு தானாக வரும். துளையை மூட வேண்டாம் எண்டு ரொயோட்டாவின் கைநூலில் எச்சரிக்கை இருக்கு. கைநூல் டாஷ்போட் லாச்சிக்குள்ளேயே கிடந்தது, ஜப்பான் மொழியில்.

அந்த பாஸின் முறையைக் கவனியுங்கோ. கம்பனி பூட்டாததை முதலில் கழட்டு, பிறகு பிழையைத் தேடு. மொடிபை பண்ணின கார் ஒன்றை வாங்கினவர் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான், ஆனால் முதல் ஆளாய் ஓடிப்போய் ஸ்கான் பண்ணுகினம். எண்ணெய் பூசின 'ரேசிங்' பில்ரர் போட்டிருந்தால், அந்த எண்ணெய் காற்று அளக்கிற சென்சரில் படிஞ்சு ஐட்லிங் ஏறி இறங்கும். ஸ்கானர் சென்சரைத்தான் குற்றம் சொல்லும், நீங்கள் புதுச் சென்சர் வாங்குவீர்கள், அதிலும் எண்ணெய் படியும். வெளிவட்டம் கூடின ரயர் போட்டிருந்தால் மீற்றர் காட்டுவதை விட வேகமாக ஓடிக்கொண்டிருப்பீர்கள், பொலிஸ் மறிச்ச பிறகுதான் விளங்கும். சைலன்சரோடு சேர்த்து கற்றலிக் கொன்வேர்ட்டரையும் வெட்டி எடுத்திருப்பார்கள். அதுக்குள்ள பிளாற்றினமும் பலேடியமும் இருக்கு, தனியாக விலை போகும். அது இல்லாட்டி எஞ்சின் லைற் எரியும். எரிஞ்சால் கார் விலைப்படாது. அப்ப என்ன செய்யிறது? விக்கிற நாளண்டு காலமை ஸ்கானரைக் குத்தி கோட்டை அழிக்கிறது. நீங்கள் பார்க்கப் போகேக்க டாஷ்போட் துப்புரவு. சாவகச்சேரி தாண்ட முதல் லைற் திரும்ப வரும். கோட் அண்மையில் அழிக்கப்பட்டதா எண்டதைப் பல கார்களில் ஸ்கானரிலேயே பார்க்கலாம். காரின் சுயபரிசோதனைகள் 'முடியவில்லை' எண்டு காட்டும். முற்பணம் குடுக்க முதல் இதைப் பார்த்தவர் எத்தனை பேர்?

இந்த இடத்தில் ஒரு பெரியவர் கட்டாயம் வருவார். 'நாங்கள் மண்ணெண்ணெயில கார் ஓட்டின ஆக்கள் தம்பி.' உண்மை. 90களின் பொருளாதாரத் தடைக்குள்ள பெற்றோல் மருந்துக்கும் இல்லாத காலத்தில், ரெண்டு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினவை. அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அதை ஏன் செய்ய முடிந்தது எண்டு யோசிக்க வேணும். ஒஸ்ரின் ஏ-40இன் பொனற்றைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். காபுரேற்றரைக் கழட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எண்ணெய் எந்த வழியால் போகுது எண்டு விளங்கும். மாற்றினவரும் திருத்தினவரும் ஒரே ஊரவர், கனக்க நேரம் ஒரே ஆள். இண்டைக்கு அக்வாவின் பொனற்றைத் திறந்தால் பிளாஸ்ரிக் மூடி தெரியும். அதைத் திருத்தத் தேவையானது கடதாசியும், நல்ல ஸ்கானரும். மலிவு ஸ்கானர் எஞ்சின் கோட்டை மட்டும்தான் வாசிக்கும். ஹைபிரிட், பிரேக், எயார்பாக் பக்கங்கள் அதுக்குத் திறக்காது. கோண்டாவில் பாஸுக்கு அவ்வளவையும் குடுக்காமல் விட்டுப்போட்டு, 'முந்தின பாஸ்மார் மாதிரி இப்ப ஆக்கள் இல்லை' எண்டு சொல்வது அநியாயம்.

இன்னொண்டு. மண்ணெண்ணெய்க்கு மாற்றினதும் மொடிபிகேசன்தான். அதைச் சொல்லி நெஞ்சை நிமித்துகிற அதே ஆக்கள்தான், பெடியள் றிம் மாற்றினால் கலாசாரச் சீரழிவு எண்டு கதைக்கிறது. பள்ளிக்கூட வாசலில் வெடிக்கிற சைலன்சருக்கு நான் வக்காலத்து வாங்கேல்ல. அது நோயாளிக்கும் பரீட்சை எழுதுறவருக்கும் செய்கிற கொடுமை. ஆனால் தன்ர காரைக் கழட்டிப் பூட்டிப் பழகிற பெடியனில் எனக்குக் கோபம் இல்லை. என்ன கழட்டினான், என்ன பூட்டினான் எண்டு எழுதி வைக்காமல் அடுத்தவன் தலையில் கட்டுகிறவனில்தான் கோபம். எஞ்சினையோ நிறத்தையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேணும். சீற்றுக்குக் கீழால இழுத்த வயரைப் பதிகிற புத்தகம் ஒண்டும் இல்லை.

இதுவரைக்கும் சொன்னது காசு போற கதை. உயிர் போற கதையும் இருக்கு. தகாட்டா எயார்பாக் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உலகம் முழுக்க ஹொண்டா, ரொயோட்டா, நிசான், மஸ்டா எண்டு ஏராளமான கார்களைத் திருப்பி அழைக்க வைத்து, 2017இல் அந்தக் கம்பனி வங்குரோத்தாகியது. அதன் பையை ஊதச்செய்கிற இரசாயனம் அமோனியம் நைத்திரேற். வருசக்கணக்காகச் சூடும் ஈரப்பதனும் பட்டால் அது கெட்டுப்போகும். பிறகு சின்ன விபத்திலும் அளவுக்கு மீறி வெடித்து, உலோகக் கூட்டை உடைத்து, துண்டுகளை முகத்துக்கு எறியும். எங்களைப் போல வெக்கையும் ஈரமும் உள்ள மலேசியாவிலும் ஆக்கள் செத்திருக்கினம். எங்கட காலநிலையை நான் விளக்கத் தேவையில்லை, சித்திரை மாதம் வெயிலில் விட்ட காருக்குள் ஏறினவைக்குத் தெரியும். இந்தப் பை மாற்றப்பட்டதா எண்டதை கம்பனிகளின் ஜப்பான் தளங்களில் செசி நம்பரைக் குடுத்துப் பார்க்கலாம். இலவசம். அந்தப் பக்கமும் ஜப்பான் மொழியில்தான், ஆனால் கைபேசி மொழிபெயர்ப்பு அதுக்குப் போதும். இதைச் செய்ய ஐந்து நிமிசம் காணும், வித்தவர் ஒருத்தரும் செய்து குடுக்கேல்ல. அதோட, ஸ்ரியறிங்கை 'ரேசிங்' ஸ்ரியறிங்காக மாற்றின காரில் எயார்பாக் இருந்த இடத்தில் வெறும் ஹோன் பொத்தான்தான் இருக்கும். எயார்பாக் லைற்றை வயரில் ஒரு ரெசிஸ்ரரைப் பூட்டி அணைச்சும் விடலாம். நீங்கள் பாதுகாப்பு இருக்கு எண்டு நினைத்துக்கொண்டு குழந்தைகளை ஏற்றிக்கொண்டு கீரிமலைக்குப் போவீர்கள்.

'இதெல்லாம் கேட்டால் ஒருத்தரும் விக்கமாட்டினம்' எண்டு சொல்லுவீர்கள். 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு அது உண்மையாகத்தான் இருந்தது. இருந்த பழைய கார்களுக்கே விலை ஏறிச்சுது, விக்கிறவர் ராசா, கேள்வி கேட்டவரைத் தள்ளிவிட்டு அடுத்தவருக்கு வித்தார். 2025 மாசி 1ஆம் திகதியோடு தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தாச்சு. வரி கூடத்தான், இருந்தாலும் இப்ப ஒருத்தரிட்ட இல்லாட்டி இன்னொருத்தரிட்டப் போகலாம். ஏலத்தாளின் பிரதி, என்ன மாற்றினது எண்ட கையெழுத்துப் போட்ட பட்டியல், கழட்டின கம்பனிச் சாமான் ஒரு பெட்டிக்குள்ள. இவ்வளவையும் வாய்விட்டுக் கேளுங்கோ. பட்டியல் தமிழில் இருக்க வேணும் எண்டும் கேளுங்கோ, எழுதுறவரும் தமிழ்தானே. ஏலத்தாளின் குறியீடுகளை ஒரு பக்கத் தமிழில் போட்டு கராஜ்களில் ஒட்டுவதற்கு எங்கட பீடத்திலேயே நாலு பேர் காணும். நான் முதல் ஆளாக வாறன், மற்ற மூண்டு பேர் ஆர்?