கொடைக்கானல் குளிர் மலிவு போர்டைக் காப்பாற்றாது

சென்ற இதழில், கொடைக்கானலில் இருந்துகொண்டு குறைந்த செலவில் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வது எப்படி என்று ஒரு கட்டுரை வந்தது. அதற்கு இது என் மறுப்பு. கட்டுரையாளர் சொல்வது இவ்வளவுதான்: ஃபிரேம் தருவது கிராபிக்ஸ் கார்டு, மதர்போர்டு வெறும் இணைப்புப் பலகை. அதனால் இருப்பதிலேயே விலை குறைந்த போர்டை, பத்து வருடப் பழசானாலும் வாங்கிப் போட்டுவிட்டு மிச்சப் பணத்தைக் கார்டில் இறக்குங்கள். மலைக் குளிருக்கு ஹீட் சிங்க்கூட வேண்டாம். இதில் ஒரு வரிகூடத் தேறாது. கேட்டு நடப்பவர்களின் பணம் வீணாகப் போவதால் சும்மா இருக்க முடியவில்லை.

அவரே பரிந்துரைக்கும் ஜோடியைப் பார்ப்போம்: ஏ320 போர்டும் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டும். 2022 ஜனவரியில் ஏஎம்டி கொண்டுவந்த அந்தக் கார்டில் நினைவகம் 4 ஜிபி. அதைவிட முக்கியம், அது போர்டோடு பேசுவது 4 லேன்களில், அதாவது தரவு போகும் தடங்களில் மட்டும். ஆர்எக்ஸ் 6600-க்கு 8 லேன். பழைய ஜிடிஎக்ஸ் 1650-க்கே 16. பிசிஐஇ 4.0 இணைப்பு உள்ள போர்டில் 4 லேன் என்றால் நொடிக்குச் சுமார் 8 ஜிபி போகும். ஏ320 பிசிஐஇ 3.0 போர்டு. அங்கே அது பாதியாகி 4 ஜிபிக்கு இறங்கிவிடும். டெக்ஸ்சரைக் குறைத்து வைத்து ஆடும்வரை வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கொஞ்சம் கூட்டியதும் கார்டின் 4 ஜிபி நிரம்பும், மீதியை ராமிலிருந்து இந்தக் குறுகிய வழியாகவே இழுக்க வேண்டும். திரை திக்கித் திக்கி நகரும். கார்டும் அதே, ப்ராசசரும் அதே. குறைத்தது போர்டு. இதற்குப் பிறகும் ஃபிரேமுக்கும் போர்டுக்கும் சம்பந்தமில்லை என்று எப்படி எழுத முடிகிறது?

மன்னவனூர்ப் பக்கத்து மாணவர் ஒருவரின் மிஷினில் இதை நேரில் பார்த்தேன். மலைப்பூண்டு விற்ற பணத்தில் அப்பா வாங்கிக் கொடுத்தது. கார்டு பழுது என்றே அந்த மாணவர் நம்பிக்கொண்டிருந்தார். ஜிபியூ-இசட்டைத் திறந்து ‘பஸ் இன்டர்ஃபேஸ்’ வரியைக் காட்டினேன்: கார்டு கேட்பது 4 லேன் 4.0, கிடைப்பது 4 லேன் 3.0. கார்டில் ஒரு பழுதும் இல்லை. இந்தக் கார்டுக்கு இந்தப் போர்டு போதாது என்று வாங்கும்போது யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

‘பத்து வருடப் பழசானாலும்’ என்ற யோசனை இதைவிட மோசம். புது அட்டைப்பெட்டியில் இன்றும் விற்கும் எச்61 போர்டின் சிப்செட் 2011-இல் வந்தது. அதன் சேட்டா போர்ட்டுகள் நொடிக்கு 3 ஜிகாபிட் வேகத்தோடு நின்றுவிடும்; யூஎஸ்பி 3.0 அந்தச் சிப்செட்டிலேயே கிடையாது. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நம் பிள்ளைகள் அதிகம் ஆடும் வேலரன்ட், விண்டோஸ் 11-இல் ஓட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் செக்யூர் பூட்டும் கேட்கிறது. எச்61-இல் டிபிஎம் 2.0 இல்லை. விண்டோஸ் 10-இலேயே இருந்துகொள்ளலாம் என்றால், மைக்ரோசாஃப்ட் அதற்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. 2025-இல் வந்த பேட்டில்ஃபீல்டு 6-உம் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டையும் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தப் போர்டின் மேல் எவ்வளவு விலையுள்ள கார்டைச் செருகினாலும் அந்த ஆட்டம் திறக்காது.

ராம் விஷயத்தையும் ஒரு வரியில் தாண்டிவிட்டார். மலிவு போர்டில் பெரும்பாலும் இரண்டே ஸ்லாட். ஒரே 8 ஜிபி குச்சியைச் செருகினால் ஒரு சேனல்தான் வேலை செய்யும். டிடிஆர்4-3200-இல் நொடிக்கு 51.2 ஜிபி கிடைக்க வேண்டிய இடத்தில் 25.6. தனிக் கார்டு இல்லாமல் ரைசன் 5 5600ஜி போன்ற ப்ராசசரை நம்பி ஆடுபவருக்கு இது நேராக ஃபிரேமில் அடிக்கும். இரண்டு 4 ஜிபி போட்டாலோ, நாளை 16-க்குப் போக இரண்டையும் கழற்ற வேண்டும்.

இனி குளிர். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி இங்கே ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஆகவே அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் கொஞ்சம் குறைவான வெப்பத்தையே வெளியேற்றும். குளிர் அதை ஈடுகட்டிவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மதுரையில் மே மாதம் திணறும் போர்டு இங்கே நன்றாகவே ஓடும். ஆனால் குளிரால் லேன் கூடுமா? டிபிஎம் முளைக்குமா? ஐ7-12700-இன் அடிப்படை 65 வாட், டர்போவில் 180 வாட் வரை கேட்கும். சாக்கெட் ஓரத்தில் ஹீட் சிங்க் இல்லாமல், ப்ராசசருக்கு மின்சாரம் தரும் நாலைந்து கறுப்புச் சில்லுகளோடு நிற்கும் போர்டில், தயாரித்தவரே மின்வரம்பைக் குறைத்து வைத்திருந்தால், வெளியே பனி கொட்டினாலும் ப்ராசசர் அந்த வரம்பைத் தாண்டாது.

நான் விலையுயர்ந்த போர்டுக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஓவர்கிளாக் செய்யாதவருக்கு இசட் வரிசை போர்டு வீண்செலவு. எச்610-உம் மலிவு போர்டுதான். ஐ3-12100எஃப் போட்டால் கார்டு ஸ்லாட்டுக்கு பிசிஐஇ 4.0-இல் 16 லேன் முழுசாகக் கிடைக்கும். ஏஎம்டி பக்கம் பி550-உடன் ரைசன் 5 5600 எடுக்கலாம். ஆனால் அதே பி550-இல் 5500-ஐயோ 5600ஜி-யையோ போட்டால் மறுபடியும் 3.0-தான். கட்டுரையாளர் எழுதியிருக்க வேண்டியது இதை. மூன்று பக்கம் எழுதியவர் லேன் என்ற சொல்லை ஒரு தடவைகூடத் தொடவில்லை.

தவறாக வாங்கியவருக்கு இங்கே மாற்றுவதும் சுலபமில்லை. மன்னவனூரிலிருந்து கொடைக்கானல் டவுனுக்கு வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ். பிறகு வத்தலக்குண்டு மலைப்பாதை, அதன் பிறகு மதுரை. வாரன்டியும் உதவாது, ஏனென்றால் போர்டில் பழுது என்று எதுவும் இல்லை. போர்டை மாற்றினால் பல நேரம் ப்ராசசரும் ராமும் சேர்ந்தே மாறும். ஓரிரு ஆயிரம் மிச்சம் பிடித்தவர் கடைசியில் அதைப்போலப் பல மடங்கு கொடுக்கிறார்.

கட்டுரையாளர் அடுத்த இதழில் ‘எந்தப் போர்டானாலும் ஒன்றுதான்’ என்ற வரியைத் திரும்பப் பெற வேண்டும். வாசகர்களே, கடையில் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன், நீங்கள் வாங்கும் கார்டுக்கு எத்தனை லேன், இந்தப் போர்டும் ப்ராசசரும் சேர்ந்து தருவது எந்த பிசிஐஇ, டிபிஎம் 2.0 உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.