கோட் பட்டனில் ஒரு ஸ்கேல்

ஒரு ஏழைக் குழந்தை, சோகமான கண், பிளாக் அண்ட் ஒயிட்... காலேஜ் போட்டோ கான்டெஸ்ட்டில் பிரைஸ் நிச்சயம்! இது நம்ம பசங்களோட ஃபார்முலா. சரி, அந்தக் குழந்தைக்கு என்ன வயசுன்னு கேட்டால், கிளிக் பண்ணினவர் முழிப்பார். லூயிஸ் ஹைன் முழிக்க மாட்டார்.

நியூயார்க்கில் வாத்தியாராக இருந்தவர் இந்த ஹைன். 1908-ல் அந்த வேலையை விட்டுவிட்டு, குழந்தைத் தொழிலாளர் முறையை எதிர்த்த ஒரு தேசியக் கமிட்டிக்கு முழுநேர போட்டோகிராபர் ஆனார். அப்போ அமெரிக்காவில் நிலைமை படுமோசம். 1900-ம் வருடக் கணக்கெடுப்பிலேயே, 10 முதல் 15 வயசுக்குள் வேலை பார்த்தவர்கள் சுமார் 17.5 லட்சம் பேர். பஞ்சாலை, நிலக்கரிச் சுரங்கம், கண்ணாடி ஃபேக்டரி என்று எங்கே பார்த்தாலும் வாண்டுகள்.

முதலாளிகள் கேமராவை உள்ளே விடுவார்களா என்ன? பைபிள் விற்கிறவர், போஸ்ட்கார்டு வியாபாரி, மெஷினைப் படமெடுக்க வந்தவர் என்று தினுசு தினுசாக வேஷம் கட்டினார் மனுஷர். அதைவிட சூப்பர், அவரோட கோட். எந்தப் பட்டன் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்பது அவருக்கு அத்துப்படி. பக்கத்தில் நிற்கிற குழந்தையின் தலை எந்தப் பட்டன் வரைக்கும் வருதுன்னு பார்ப்பார். பாக்கெட்டுக்குள் விட்ட கையை வெளியே எடுக்காமலே நோட்டில் கிறுக்கிக்கொள்வார்!

1908 நவம்பர் 30. தெற்கு கரோலினாவின் லங்காஸ்டர் பஞ்சாலை. நீளமான நூற்பு இயந்திரத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் பொண்ணு. அழுகையெல்லாம் இல்லை, வேலையில் கவனமாக நிற்கிறாள். உயரம் 48 அங்குலம், வேலைக்கு வந்து அரை வருஷம் என்கிறது ஹைனின் குறிப்பு. நாலே அடி! வெறும் படத்தை ‘சும்மா பார்க்க வந்த பொண்ணு’ என்று தட்டிக்கழிக்கலாம். தேதி, ஊர், உயரம் எல்லாம் சேர்ந்துவிட்டால் அது சாட்சி. கலையா, ஆதாரமா என்கிற பட்டிமன்றமெல்லாம் அப்புறம்தான்.

உடனே சட்டம் வந்துடுச்சுன்னு நினைச்சுடாதீங்க. 1916-ல் வந்த சட்டத்தை 1918-லேயே சுப்ரீம் கோர்ட் செல்லாது என்றது. நிலைத்து நின்ற தேசியச் சட்டம் வர 1938 ஆனது. அதற்குள் ஹைனுக்கு வேலையே கிடைக்காத நிலை. வீட்டையும் இழந்து, 1940-ல் வறுமையில்தான் செத்துப்போனார்.

அவர் அந்தக் கமிட்டிக்காக எடுத்த 5,000-க்கும் மேற்பட்ட படங்கள் இப்போ வாஷிங்டன் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கின்றன. இன்டர்நெட்டில் ஓசியிலேயே பார்க்கலாம். படத்தை மட்டும் பார்த்துட்டு ஓடிடாதீங்க பாஸ், கூடவே இருக்கிற குறிப்பையும் படிங்க!