மொரீஷியஸில் இட்லி கிடைக்குமா?

போன மாதம் முத்தியால்பேட்டை நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மகளுக்குக் கல்யாணம் முடிந்திருக்கிறது. பெண்ணும் மாப்பிள்ளையும் தேனிலவுக்கு மொரீஷியஸ் போகிறார்கள். ஐந்து ராத்திரி, ஆறு பகல். கையில் வழவழப்பான தாளில் ஒரு விளம்பரம். நீலக் கடல், வெள்ளை மணல், தென்னை மரத்தில் கட்டிய ஊஞ்சல், அதில் யாரோ ஒரு வெள்ளைக்காரி.

"சார், நீங்கதான் நாலு புஸ்தகம் படிக்கிறவராச்சே. அங்க இட்லி கிடைக்குமான்னு மட்டும் சொல்லுங்க. மாப்ளைக்கு காலையில இட்லி இல்லன்னா ஒத்துக்காது."

நான் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். முதல் நாள் ஓய்வு. இரண்டாம் நாள் வடக்குச் சுற்று. மூன்றாம் நாள் தெற்குச் சுற்று, ஏழு வண்ண மண். நான்காம் நாள் படகில் ஒரு குட்டித் தீவு. ஐந்தாம் நாள் ஷாப்பிங். ஆறாம் நாள் ஏர்போர்ட். தினமும் இரவு 'இந்திய உணவு' உத்தரவாதம். இந்திய உணவு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். பனீர்.

புதுச்சேரியிலிருந்து ஒருவர் மொரீஷியஸ் போகிறார். தன் ஊர்க்காரர்கள் கட்டிய ஒரு ஊருக்கு அவர் போகிறார் என்பதை அந்தத் தாளில் ஒரு வரி, ஒரே ஒரு வரி சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. நண்பர் மேல் இல்லை. சரி, கொஞ்சம் அவர் மேலும்தான்.

கதை இதுதான். 1735-ல் லாபூர்தொனே என்ற பிரெஞ்சுக்காரர் அந்தத் தீவுக்கு கவர்னராகப் போனார். அப்போது அதன் பெயர் 'இல் து பிரான்ஸ்'. கையில் இருந்தது ஒரு துறைமுகமும் சில குடிசைகளும். போர்ட் லூயிஸ் என்ற ஊரை எழுப்ப அவருக்குக் கொத்தனார் வேண்டும், தச்சர் வேண்டும், கொல்லர் வேண்டும். எங்கே போனார்? புதுச்சேரிக்கு ஆள் அனுப்பினார். நம்ம ஊர்க் கைவினைஞர்கள் கப்பலேறினார்கள். போர்ட் லூயிஸில் அவர்கள் குடியிருந்த பகுதிக்கு 'மலபார் முகாம்' என்று பெயர். அந்தக் கால ஐரோப்பியர்களுக்குத் தமிழன் என்றால் மலபாரிதான். கைவினைஞர்கள் மட்டுமில்லை, இந்தக் கரையிலிருந்து அடிமைகளாகவும் மனிதர்களை ஏற்றிப் போனார்கள். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அதே லாபூர்தொனே 1746-ல் கப்பல்களோடு வந்து ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்தார். பிடித்த கையோடு நம்ம துய்ப்ளேவுடன் சண்டை. பணத்தை வாங்கிக்கொண்டு ஊரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது இவர் கட்சி. கொடுக்கவே கூடாது என்பது அவர் கட்சி. ரங்கப்பிள்ளை வீதியில் இன்றும் நிற்கிற வீட்டின் சொந்தக்காரரான ஆனந்தரங்கப் பிள்ளை, இந்தக் குழாயடிச் சண்டையை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். கடைசியில் லாபூர்தொனே பாரிஸில் பஸ்தீய் சிறையில் கிடந்தார். துய்ப்ளே திருப்பி அழைக்கப்பட்டு, ஏழையாகச் செத்தார். இன்றைக்கு துய்ப்ளே நம்ம கடற்கரையில் சிலையாக நிற்கிறார், லாபூர்தொனே போர்ட் லூயிஸ் துறைமுகத்து முன்னால் சிலையாக நிற்கிறார். இந்தச் சிலைக்கு முன்னால் சுண்டல் தின்கிறவர், அந்தச் சிலைக்கு முன்னால் யாரென்றே தெரியாமல் போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறார்.

'அட, ஹனிமூன் போற பசங்களுக்கு எதுக்கு சார் ஹிஸ்டரி கிளாஸ்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானும் கடலில் குளிக்காதே, கையைக் கோத்துக்கொண்டு நடக்காதே என்று சொல்ல வரவில்லை. ஆறு பகலில் ஒரு பகல் கேட்கிறேன். அந்த ஐந்தாம் நாள் ஷாப்பிங்கைக் கொடுங்கள் போதும். அங்கே போய் வாங்குகிற டீ-ஷர்ட் திருப்பூரில் தைத்ததாகக்கூட இருக்கலாம்.

இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. சனிக்கிழமை வந்தால் நாம் எல்லோரும் புலம்புகிறோம். பெங்களூருக்காரன் காரில் வருகிறான், மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறான், சரக்கு வாங்குகிறான், ஞாயிறு சாயந்திரம் போய்விடுகிறான். பெரிய வாய்க்காலைத் தாண்டி தமிழர் பகுதிக்குள் அவன் கால் வைப்பதே இல்லை. வைசியாள் வீதியின் திண்ணை வீடுகளைப் பார்ப்பதில்லை, பாரதி இருந்த வீடு எங்கே என்று கேட்பதில்லை. 'நம்ம ஊர்னா பிராந்திக் கடைன்னு நெனச்சிட்டான் சார்' என்று டீக்கடையில் அங்கலாய்க்கிறோம். அங்கலாய்த்துவிட்டு நேராகப் போய் ஐந்து ராத்திரி பேக்கேஜுக்கு முன்பணம் கட்டுகிறோம். பெங்களூருக்காரன் நமக்குச் செய்வதைத்தான் நாம் போர்ட் லூயிஸுக்குச் செய்கிறோம். அவனாவது இங்கே சொந்தக்காரன் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

சரி, திட்டியது போதும். போகிறவர்களுக்கு உபயோகமாக நாலு வார்த்தை.

எப்போது போவது? அது பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிற தீவு. நமக்கு அக்னி நட்சத்திரம் கொளுத்தும் மே மாதத்தில் அங்கே குளிர்காலம் எட்டிப் பார்க்கும். குளிர்காலம் என்றால் ஸ்வெட்டர் குளிர் இல்லை, நம்ம மார்கழி. பள்ளி லீவில் குழந்தைகளோடு போகத் தோதான நேரம் அதுதான். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் சீசன். தை மாதத்தில் முகூர்த்தம் வைத்துவிட்டு மறுவாரமே பறக்கிறவர்கள் நட்டநடுப் புயல் காலத்தில் போய் இறங்குகிறார்கள். பிரசுரத்தில் இதை யாரும் அச்சடிப்பதில்லை. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் கிழக்குக் கரையில் காற்று வீசும். மேற்குக் கரையும் வடக்குக் கரையும் சாதுவாக இருக்கும். ரூம் போடுமுன் ஓட்டல் எந்தக் கரையில் இருக்கிறது என்று மேப்பில் பாருங்கள். நட்சத்திரத்தை அப்புறம் எண்ணலாம்.

இந்திய பாஸ்போர்ட் இருந்தால் சுற்றுலாவுக்கு முன்கூட்டி விசா வாங்க வேண்டாம். திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் ரசீது, செலவுக்குப் பணம் இவற்றைக் காட்ட வேண்டும். விதிகள் அவ்வப்போது மாறும், புறப்படுமுன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரியில் அங்கே நம்ம யூ.பி.ஐ. சேவையைத் தொடங்கினார்கள். அதை நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள். பஸ் கண்டக்டருக்கும் தெருவோர வடைக்கும் சில்லறை வேண்டும்.

ஆமாம், பஸ். தீவு முழுக்க பஸ் ஓடுகிறது. முழுத் தீவே 2,000 சதுர கிலோமீட்டரைச் சுற்றித்தான், நம்ம விழுப்புரம் மாவட்டத்தைவிடச் சின்னது. டாக்சிக்குக் கொட்டும் காசில் பாதியை மிச்சப்படுத்தலாம். ஆனால் பொழுது சாய்ந்தால் பஸ் குறைந்துவிடும், கடைகளையும் சீக்கிரம் சாத்திவிடுவார்கள். நம்ம நேரு வீதியை நினைத்துக்கொண்டு ராத்திரி ஒன்பதுக்குக் கடைத்தெருவுக்குக் கிளம்பாதீர்கள். கடலில் இறங்கும்போது ரப்பர் செருப்பு அவசியம். பவழப்பாறை காலைக் கிழிக்கும், கல் மாதிரியே கிடக்கும் ஒரு மீனின் முள்ளில் விஷம் உண்டு. செல்போன் சார்ஜருக்கு இங்கிலீஷ் மூணு பின்னும் வேண்டியிருக்கும், பிரெஞ்சு ரெண்டு பின்னும் வேண்டியிருக்கும். 1810-ல் ஆங்கிலேயர் தீவைப் பிடித்தார்கள், பிரெஞ்சுக்காரன் பழக்கவழக்கம் போகவில்லை. சுவரிலேயே சரித்திரம்.

அந்த ஒரு பகலுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டாம், போர்ட் லூயிஸ் பாதி மூடிக் கிடக்கும். காலையில் நேராக 'ஆப்ரவாசி காட்' போங்கள். 1834-ல் அடிமை முறையை ஒழிக்கும்போது கரும்புத் தோட்டக்காரர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ஒப்பந்தக் கூலி என்ற பெயரில் இந்தியாவிலிருந்து ஆள் பிடித்தார்கள். அந்த வருஷம் நவம்பர் 2-ம் தேதி கல்கத்தாவிலிருந்து 'அட்லஸ்' கப்பலில் 36 பேர் இறங்கினார்கள். பிறகு ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். சென்னைத் துறைமுகத்தில் ஏறிய தமிழர்களும் தெலுங்கர்களும் அதில் அடக்கம். கப்பலிலிருந்து இறங்கி அவர்கள் ஏறிய 16 கல்படிகள் அப்படியே இருக்கின்றன. 2006-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. சின்ன இடம்தான். ஏழு வண்ண மண் பார்ப்பதற்கு ஆகிற நேரம்கூட ஆகாது.

நம்ம புதுச்சேரி, காரைக்காலிலிருந்தும் இதே கூலிக் கப்பல்கள் பிரெஞ்சுக் கொடியோடு பக்கத்துத் தீவான ரீயூனியனுக்கும் அட்லாண்டிக் தாண்டி மார்த்தினிக், குவாதலூப் வரைக்கும் போயின. கடற்கரையில் காற்று வாங்க உட்காரும்போது நமக்கு அந்த ஞாபகம் வருவதில்லை. ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக அழுதவர் பாரதி. 1908-லிருந்து பத்து வருஷம் இந்த ஊரில் இருந்தவர்.

அங்கிருந்து சந்தைக்கு நடந்துவிடலாம். 'காத்தோ பிமான்' என்று ஒரு பண்டம் விற்பார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், பருப்பு வடை. 'ப்ரேத் மூரூங்' என்று கட்டுக் கட்டாக ஒரு கீரை இருக்கும். முருங்கைக் கீரை. மாப்பிள்ளைக்கு இட்லி இல்லாவிட்டால் என்ன, வடையும் கீரையும் இருநூறு வருஷத்துக்கு மேலாகக் காத்துக்கொண்டிருக்கின்றன. வாழை இலையில் ஏழு கறியோடு சோறு போடும் கோயில் விசேஷம் அமைந்தால் உங்கள் அதிர்ஷ்டம். தைப்பூசக் காவடிக்கு அந்த நாட்டில் அரசு விடுமுறை.

வடைக்குக் காசு கொடுக்கும்போது நோட்டைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். அதில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998-ல் புதிய நோட்டு அடித்தபோது இங்கிலீஷுக்கு அடுத்து இருந்த தமிழைக் கீழே தள்ளி இந்தியை மேலே ஏற்றினார்கள். அங்குள்ள தமிழர்கள் விடவில்லை. வீட்டில் கிரியோல் பேசுகிற, தமிழ் சரளமாக வராத தமிழர்கள். போராட்டம் வலுத்து, அந்த நோட்டுகளை வங்கி திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சடித்தது. 100 ரூபாய் நோட்டில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன், தமிழர்.

அங்கே போகிற நம்மவர்கள் செய்கிற பெரிய அசிங்கம் ஒன்று உண்டு. கடைப் பலகையில் 'மூட்டூசாமி' என்று பெயரைப் பார்த்துவிட்டு உள்ளே போய் தமிழில் பேசுவார்கள். அவர் விழித்தால், 'என்னங்க, தமிழனா இருந்துகிட்டு தமிழ் தெரியாதா?' என்று ஒரு இளக்காரச் சிரிப்பு. கேட்பவரின் பையன் புதுச்சேரியில் ஆறாம் வகுப்பு படிக்கிறான், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். அந்த மூட்டூசாமியின் கொள்ளுத் தாத்தாவைக் கப்பலில் ஏற்றும்போது யாரும் அரிச்சுவடி கொடுத்து அனுப்பவில்லை. அவர் பிள்ளை இன்று பள்ளிக்கூடத்தில் தமிழைப் பாடமாக எடுத்துப் படிக்க முடிகிறது என்றால், கேட்டு வாங்கியது. பிரெஞ்சு தெரிந்த புதுச்சேரிக்காரர்களே, உங்களுக்கு மட்டும் ஒரு வசதி: அவரோடு பிரெஞ்சில் பேசலாம். பேசுங்கள். பாதி நாள் அங்கேயே போய்விடும்.

போகுமுன் படிக்க ஏதாவது சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், நம்ம ஊர் பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டையும் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து முளைத்தவை. விமானத்தில் படிக்க வசதியானவை, கனம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். பொறுமையாகக் கேட்டார், மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். படியிறங்கியவர் திரும்பினார்.

"அந்தப் பதினாறு படியைப் பத்திச் சொன்னீங்களே. எங்க பாட்டி வழியில ஒருத்தர் கப்பல்ல போய் வரவே இல்லைன்னு சொல்வாங்க. எந்தக் கப்பல், எந்த ஊருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அங்க பேரெல்லாம் எழுதி வெச்சிருப்பாங்களா சார்?"

மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது, அங்கே வந்து இறங்கியவர்களின் பழைய பதிவேடுகளைப் பாதுகாக்கிறார்கள், பலருக்குப் போட்டோகூட உண்டு என்றேன். ரீயூனியனுக்குப் போயிருந்தால் அங்கே இருக்காது என்றும் சொன்னேன். பாட்டியின் அப்பா பெயர் என்ன என்று கேட்டேன். வீட்டில் கேட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறார்.